இடது பக்கத்து வயலின்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் அவற்றைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கினால் போதுமே, போனிலேயே எல்லாப் பாட்டும் வருகிறதே என்கிறார்கள். போன வாரம் என் கணவர் வழி உறவு ஒருவர், அந்த இடத்தில் ஷோகேஸ் வைக்கலாம் என்று கையால் முழம் போட்டே பார்த்துவிட்டார். நான் எழுந்துபோய் ஆம்ப்ளிபயரின் குமிழை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்த இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒயர் மாறியிருக்குதும்மா. இடது பக்கம் வரவேண்டியது வலது பக்கம் வருது" என்றார். தெரியும் என்றேன். மாற்றிப் பூட்டித் தருகிறேன் என்று எழுந்தார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் சுண்டிப்போனது. போகட்டும். அந்த ஒயரை அப்படிப் பூட்டியவளே நான்தான்.

அந்தப் பெட்டிகள் முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. நெசவு மில் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருடம் தறி ஓட்டிய அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் வீட்டுக்குக் காவலாக இருந்தார். சொல்தாவின் பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். கடைசியில் அவரும் வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு போய்விட முடிவுசெய்தார். கிளம்புகிற வாரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, வீட்டில் இருப்பதில் எது வேண்டுமோ ஒன்றை எடுத்துக்கொள் என்றாராம்.

அந்த வீட்டில் ஆளுயர பிரிட்ஜ் ஒன்று இருந்தது. அம்மா அதை வைக்க மூலையைக் கூட்டித் துடைத்து, கோலமும் போட்டுவிட்டாள். அப்பா மூணு சக்கர வண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் இரண்டு பெட்டி, ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு சிடி பிளேயர், ஒரு பை நிறைய சிடி.

"பிரிட்ஜ கேட்டா பொட்டிய தூக்கினு வந்துட்டாரு. காது கேக்காத மனுஷனுக்கு இன்னாத்துக்கு பாட்டுப் பொட்டி?" என்று அம்மா தெருவுக்கே நியாயம் கேட்டாள்.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. தறிச் சத்தம் அப்பாவின் காதைத் தின்றுவிட்டிருந்தது. அவரிடம் எதைச் சொன்னாலும் எதிரே போய் நின்று கத்த வேண்டும். கத்தினால் சரியாகப் பதில் சொல்வார். முதுகுக்குப் பின்னால் நின்று எவ்வளவு கத்தினாலும் திரும்பமாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குக் கோபம் வரும். கரண்ட் போனால் அவர் பேச்சும் நின்றுவிடும். அம்மாவும் ஒரு தினுசுதான். மற்ற எல்லாவற்றையும் அப்பாவின் முகத்துக்கு நேரே கத்துவாள், திட்டும்போது மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பா சட்டையை மாற்றிக்கொள்வார். கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டை. மர நாற்காலியை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவாக, கொஞ்சம் தள்ளிப் போடுவார். வெறுங்காலைத் தரையில் பதித்து, முட்டியில் கைகளை விரித்துவைத்து உட்காருவார். ஒரு மணி நேரம் யாரும் குறுக்கே போகக்கூடாது. சொல்தா அப்படித்தான் உட்காருவாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலில் வந்து பார்த்துச் சிரிப்பார்கள். ஒருத்தி, "சட்டையெல்லாம் மாட்டினு யாரப் பாக்கப் போறீங்கண்ணே?" என்று எட்டிப் பார்த்துக் கத்தினாள். "பாட்டக் கேக்கப் போறேன்" என்றார் அப்பா. எனக்கு உடம்பெல்லாம் கூசும். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவளின் அம்மா அவள்.

சித்தப்பாவுக்கு அந்தப் பெட்டிகளின் மேல் கண் விழுந்தது. அப்பாவின் தம்பி. மில் பக்கமே போகாதவர். வீராம்பட்டினம் தேர் முதல் மஞ்சள் நீராட்டு விழா வரை மைக்செட்டும் சீரியல் விளக்கும் கட்டுகிறவர். பெட்டியைத் தட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் தனியாகப் பேசினார். பெட்டிகள் அவருக்கு, பதிலுக்குப் புதுப் பிரிட்ஜ் எங்களுக்கு. அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. ஆனால் அப்பாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அண்ணன் வாயாலயே சரின்னு சொல்ல வைக்கிறேன் அண்ணி" என்றார் சித்தப்பா.

அடுத்த ஞாயிறு அவர் மீனோடு வந்தார். வஞ்சிரம். அதைப் பார்த்தபோதே நான் விலைபோய்விட்டேன். கூடத்தில் அப்பா ஒரு பக்கம், நானும் சித்தப்பாவும் அவருக்கு எதிரே. அம்மா குழம்பு எடுக்க உள்ளே போயிருந்தாள். சித்தப்பா என் பக்கம் திரும்பாமலே, குரலைக்கூடப் பெரிதாகத் தாழ்த்தாமல் என்னிடம் பேசினார். செவிடருக்கு முன்னால் எதற்குத் தாழ்த்த வேண்டும்?

"பாப்பா, அண்ணன் பாட்டுப் போட்டதும் நீ பின்னால போயி எடது பொட்டி ஒயர உருவிடு. அவுரு பாட்டுக்கு தலய ஆட்டினு இருப்பாரு. ஒங்கம்மா கண்ணால பாக்கட்டும். இன்னிக்கே பொட்டிய ஏத்திடலாம். ஒனக்கு பிரிட்ஜ்ல ஐஸ்."

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. மறந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒயர உருவாட்டியும் தெரியாது சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்காது. சும்மா கேக்கற மாதிரி நடிக்கிறாரு" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

அப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்த துண்டை என் தட்டில் வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

சாப்பாடு முடிந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை அதே இடத்தில் போட்டு, சிடியைச் செருகினார். முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது நான் சுவரை ஒட்டி நகர்ந்து இடது பெட்டிக்குப் பின்னால் போய்ச் சிவப்பு ஒயரை உருவினேன். கூடத்தில் ஒரு பாதி சட்டென்று காலியானது. எனக்கே திக்கென்றது. அப்பா முட்டியில் விரல் தட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை. சித்தப்பாவுக்கு அவசரம். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "பாத்தீங்களா அண்ணி? இவுரு கேக்கறதுக்குத்தான் இவ்ளோ பெரிய..." என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்தார். நேராக இடது பெட்டிக்குப் போனார். குனிந்து, ஒயரின் நுனியை இரண்டு விரலால் முறுக்கி, துவாரத்தில் செருகினார். இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிற விரல்கள், ஒரு நொடிகூட ஆகவில்லை. பாட்டு முழுசாக வந்தது. அப்பா எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எடது பக்கம் ஒருத்தன் வயலின் வாசிச்சினு இருக்கான். அவன எதுக்கு வெளிய அனுப்பினீங்க?"

சித்தப்பா நாற்காலியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் தறி கத்தினத கேட்டேன். ஒரு நாள்கூட நீ வந்து அத நிறுத்தல. இப்ப எனக்குப் புடிச்சத நான் கேக்கறேன். இத மட்டும் நிறுத்த வந்துட்டியா?" அப்பாவுக்கு எப்போதுமே பெரிய குரல். அன்று அது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "இந்தப் பொட்டி இந்த வீட்ட விட்டுப் போவாது. வேணும்னா நான் போறேன், பொட்டியோட."

ஜன்னலில் நின்றவர்கள் நழுவினார்கள். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "எனக்கு பிரிட்ஜும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீங்க கெளம்புங்க தம்பி" என்றாள். மிச்சம் இருந்த வஞ்சிரத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்பினாள். அந்த டப்பா திரும்பி வரவே இல்லை.

எனக்கு ஒரே நாளில் உலகம் புரண்டுவிட்டது. என் அப்பாவுக்குக் கேட்கிறது! எங்கள் எல்லாருக்கும் கேட்காத வயலின்கூடக் கேட்கிறது! மறுநாளே பள்ளிக்கூடத்தில் அந்த ஜன்னல்காரியின் மகளைப் பிடித்து, எங்கப்பா காதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினால் பல்லை உடைத்துவிடுவேன் என்றேன். பேசினாள். உடையவில்லை, ஆடியது. டீச்சர் அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா வந்தார், டீச்சரின் முகத்தையே உற்றுப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், வெளியே வந்து எனக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் பாட்டுக் கேட்க உட்காரச் சொன்னார். கால் தரையில் படவில்லை எனக்கு. ஆனால் அவர் ஸ்டூல் போட்ட இடம்தான் பிடிக்கவில்லை. தனக்குப் பக்கத்தில் போடாமல், எதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவில், பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்காரும்படி போட்டார்.

"இங்க உக்காந்தா நல்லா கேக்காதுப்பா" என்று கத்தினேன்.

"நீ அங்கதான் உக்காரணும். பாட்டு கூடவே பாடு. வாயத் தொறந்து நல்லாப் பாடு" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் அதேதான். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருவேன், பாட்டு வந்ததும் மறந்துபோய்ப் பாடுவேன். சிரத்தையாக, உச்சரிப்பு பிசகாமல் பாடினால் அப்பா முட்டியில் தாளம் போடுவார். வார்த்தையை முழுங்கினால் உடனே நிறுத்துவார்.

காலாப்பட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்பாவோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரம்மாக்களின் கூச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. இருபதடி தள்ளி, எதிர் வரிசையில், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் நின்றிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். குரலே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் ஏதோ சொல்ல அப்பா சிரித்தார், அப்பா ஏதோ சொல்ல அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா பண்றீங்க?" என்றேன்.

"அவன் பொண்ணுக்கு தேதி வச்சிட்டானாம். தறி ஓடும்போது சத்தம் போட்டா யாருக்குக் கேக்கும் பாப்பா? மில்லுல எல்லாரும் ஒதட்டப் பாத்துதான் பேசுவோம்" என்றார். சொல்லிவிட்டு இறால் புதிதாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார்.

என் கையிலிருந்த பை கனத்தது. அடுப்பைப் பார்த்துத் திட்டிய அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. வஞ்சிரம் தின்ற அந்த மத்தியானம், எதிரே உட்கார்ந்து நாங்கள் பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் என் தட்டில் முள் எடுத்த துண்டை வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அந்த மத்தியானம் ஓடிய சிடியைப் போட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். வயலின் வலது பக்கத்தில் இருந்து வந்தது. எழுந்து இரண்டு ஒயரையும் மாற்றிப் பூட்டினேன். அப்பா சொன்ன இடத்துக்கு வயலின் வந்துவிட்டது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இன்றும் சித்தப்பா யாரைப் பார்த்தாலும் எங்கண்ணனுக்குப் பாம்புக் காது என்கிறார். நான் ஆமாம் என்கிறேன். பெட்டியின் அதிர்வைக் காலிலும் வார்த்தையை என் உதட்டிலும் வாங்கி ஒரு பாட்டை முழுசாக்கிக்கொண்டவரைக் கேட்காதவர் என்று எவனாவது சொல்லிப் பார்க்கட்டும்.

அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்காது என்று சொன்னதும் இதே வாய்தான். அடுத்த ஞாயிறே ஸ்டூலைப் போட்டு, அந்த வாயைப் பார்த்துத்தான் அவர் பாட்டுக் கேட்டார். எனக்கோ அந்த வருடங்கள் முழுக்க ஒரே குறை, எனக்கு மட்டும் நல்ல இடம் கிடைக்கவில்லை என்று.