கஜக்கோலில் கட்டிய சாவி

என் அண்ணி படுக்கை விரிப்பை உதறி விரிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே சிலர் கடைக்கு வருவார்கள். வாங்க மாட்டார்கள், அது வேறு விஷயம். இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு உதறினால் இரட்டைக் கட்டில் விரிப்பு மேசைமேல் சுருக்கமில்லாமல் வந்து விழும். அதே ஜவுளிக்கடையில் குழந்தைகள் துணிப் பிரிவில் நான் நிற்கிறேன். நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார எங்களுக்கு நாற்காலி கிடையாது.

கழிப்பறை உண்டு. மூன்றாவது மாடியில், சரக்கறைக்குப் பின்னால், பூட்டிய கழிப்பறை. சாவி சூப்பர்வைசரின் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாதாம், அதனால் உடைந்த கஜக்கோல் ஒன்றில் கட்டி வைத்திருந்தார். துணி அளக்கிற அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு படியேறினால், யார் எதற்குப் போகிறாள் என்று கடை முழுக்கத் தெரியும். "இப்பதானேம்மா போனே?" என்று வேறு கேட்பார். அந்த மனிதருக்கு நாங்கள் சம்பள உயர்வு கேட்டது நினைவிருக்காது, இது மட்டும் எப்படியோ நினைவிருக்கும்.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. புதிதாகச் சேரும் பெண்ணுக்குத் துணி மடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவோம். அண்ணி இதில் கெட்டிக்காரி. காலையில் அரை டம்ளர் டீயோடு வந்தால் வீடு திரும்பும்வரை தாக்குப்பிடிப்பாள்.

பிறகு அவளுக்கு விலாவுக்குக் கீழே வலி வந்தது. குளிர்க்காய்ச்சல் வந்தது. சிறுநீர் கலங்கி, போகும்போதெல்லாம் நெருப்பாய் எரிந்தது. டாக்டர் சிறுநீரகத்தில் அழற்சி என்றார், மாத்திரை கொடுத்தார், சரியானது. மறுபடி வந்தது. அப்புறம் அது வருவதும் போவதுமாகவே ஆகிவிட்டது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் என் அண்ணன் நாட்டு மருந்துக் கடையிலிருந்து நெருஞ்சில் முள்ளை மூட்டையாகத் தூக்கி வந்தான். அத்தை மக்காச்சோளக் கதிரின் நாரைக் காயவைத்து அனுப்பினாள். சித்தப்பா போனில் ஒரு கைகண்ட வேரைச் சொன்னார், பெயர்தான் மறந்துவிட்டதாம். அண்ணி யார் மனமும் நோகாமல் கஷாயம் போட்டுக் குடித்தாள். ஆனால் விடுமுறை நாளில் மட்டும். குடித்தால் அடிக்கடி போக வேண்டுமே! வாரத்தில் ஒரு நாள் மருந்து, மற்ற நாளெல்லாம் அடக்கல். பலனே இல்லை என்று அண்ணன் மருந்துக் கடைக்காரம்மாவிடம் சண்டைக்குப் போக, நானும் அண்ணியும் கூடப் போனோம்.

அந்த அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"கடையில முடியாதுக்கா."

"அப்புறம் மருந்தைக் குறை சொல்றீங்க! அடக்கி அடக்கி வச்சா எந்த மருந்தும்மா வேலை செய்யும்? முதல்ல போய் ஸ்கேன் எடு. நான் குடுத்தது என்னன்னும் டாக்டர்கிட்ட சொல்லு, மறைக்காதே."

ஸ்கேனில் இடது சிறுநீரகம் சுருங்கிக் கிடந்தது.

"இது இனி தேறாதும்மா," என்றார் டாக்டர். "வலதுல இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நெருஞ்சிலை நிறுத்துங்க. சோளநார்த் தண்ணி லேசா குடிக்கிறதுன்னா குடிங்க. மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட. ஆனா அடக்கவே கூடாது. அடக்கினா இதுவும் போயிடும்."

எலியும் பூனையுமாக இருக்க வேண்டிய மருந்துக் கடைக்காரம்மாவும் டாக்டரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அவள் பெரிய பாட்டிலில் தண்ணீரும் சின்ன பிளாஸ்க்கில் சோளநார்க் கஷாயமும் கொண்டுவந்து, விரிப்புகளுக்கு நடுவே எல்லோரும் பார்க்க வைத்தாள். குடித்தாள். மேலே போனாள். வந்து மறுபடி குடித்தாள். மதியத்துக்கு முன்னால் திரும்பவும் ஆணியில் கை வைத்தபோது சூப்பர்வைசர் எழுந்துவிட்டார்.

"எத்தனை தடவைம்மா? கஸ்டமர் நிக்கிறாங்க, தெரியல?"

"தெரியுது சார். எனக்கு ஒண்ணுக்கு வருது."

விரிப்பு வாங்க வந்திருந்த அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா பேசு. நாலு பேர் இருக்காங்க."

"இருக்கட்டும் சார். அவங்கள்லாம் ஒண்ணுக்குப் போகாதவங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்துப்போனது. "இப்படியே பண்ணினா வேற ஆளைப் பார்த்துக்குவோம்."

"பாருங்க. எனக்கும் வேற கடை கிடைக்கும். கிட்னி வேற கிடைக்காது. ஒண்ணை இந்தக் கடைக்குக் குடுத்தாச்சு சார். மிச்சம் இருக்கறது என்னோடது. தர மாட்டேன்."

கஜக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவசரமில்லாமல் படியேறினாள். விரிப்பு வாங்க வந்த அம்மா, "அந்தப் பொண்ணு வரட்டும், நான் நிக்கிறேன்," என்று சூப்பர்வைசரிடமே சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அண்ணி இறங்கி வந்தபோது படிக்கட்டின் அடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன். கையை நீட்டினேன்.

"அண்ணி, சாவியை என்கிட்ட குடுங்க."

எனக்குப் பின்னால் பில் போடுகிற பெண் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் திரைச்சீலைப் பிரிவிலிருந்து இரண்டு பேர். சூப்பர்வைசர் வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கடை சாத்தும்வரை சாவி அங்கே திரும்பவில்லை.