இரண்டு விரல் இடைவெளி

என் மனைவியின் கழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் திகதியிட்டுக் குறித்து வைத்திருந்தேன். முரசுமோட்டையில் காணி கிடைத்துக் குடியேறிய நாளிலிருந்து எழுதிய கொப்பிகள் பதினொன்று இருக்கின்றன. குளத்து நீர்மட்டம், முதல் மழை விழுந்த நேரம், வாய்க்கால் தண்ணீருக்காக யார் யாருடன் எத்தனை நாள் கதைக்காமல் இருந்தார்கள் என்ற விபரம், காலை ரயில் பிந்திய நிமிடங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. வருங்காலத்தில் யாராவது ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து, இந்த ரயிலின் பிந்தல்களைத் தேடி என் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதிய கொப்பி ஒன்றில் மனைவியைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. “இவள் இப்போது நிதானமாகிவிட்டாள். இல்லறத்தின் முதிர்ச்சி.” அதுவரை விடியற்காலை ஐந்து மணிக்கே குசினியிலிருந்து என் குறைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்குபவள், அந்த வருடம் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் நான் தேநீரைக் குடித்துவிடலாம் என்ற அளவுக்கு மெதுவாகியிருந்தாள். குரல் ஆண்பிள்ளைக் குரல்போல் தணிந்திருந்தது. பங்குனி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தாள். சீப்பு நிறைய முடி வந்தது. முகம் ஊதி மினுங்கியது. இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முதிர்ச்சி என்று எழுதினேன்.

மற்றவர்கள் என்னைவிட மோசமில்லை. “நல்லாய்ச் சாப்பிட்டுச் சதை வைச்சிட்டாள், வேறை ஒண்டுமில்லை” என்றார் அடுத்த காணியில் இருந்த என் தமக்கை. கிராமத்து மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரி ஐயா கண் இமையை இழுத்துப் பார்த்து, இரத்தக்குறைவு என்று மண்ணிறத் தண்ணீர் மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். மலேரியா இருந்த காலத்தில் அவரிடம் போன எல்லோருக்கும் மலேரியாதான். மலேரியா ஒழிந்ததும் அதே ஆட்களுக்கு இரத்தக்குறைவு வந்துவிட்டது. மருந்தின் நிறம்கூட மாறவில்லை.

கழுத்தின் முன்பக்கம் வீங்கத் தொடங்கியபோது என் வாசிப்பு கைகொடுத்தது. கடலைக் காணாத மலைநாட்டு மக்களுக்கு அயடீன் இல்லாமல் தொண்டைக் கழலை வரும் என்று ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருந்தேன். என் மனைவி பிறந்தது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். பால்குடி மறந்த நாளிலிருந்து மீனும் இறாலும் தின்று வளர்ந்தவள். எங்கள் வீட்டு உப்பு ஆனையிறவு உப்பு. ஆனாலும் சஞ்சிகை சொன்னால் சஞ்சிகைதான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் கத்தோலிக்கப் பெண்மணியிடம் இனி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகத் தரச் சொன்னேன். காரணத்தையும் விளக்கினேன். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

“ஐயா, எங்கட கரையில கஞ்சிக்குப் பதிலா மீன் தின்னுற சனம். அங்கையும் ரெண்டு பொம்பிளையளுக்குத் தொண்டை வீங்கிக்கிடக்கு.”

“அப்ப அவை தின்னுறது போதாது.”

“இருக்கும், இருக்கும்” என்றார் அவர், தராசை எடுத்துக்கொண்டே. “எனக்கென்ன, விக்கிறவள்தானே. ஆனா அக்காவை ஆசுபத்திரியில காட்டுங்கோ.”

ஆசுபத்திரிக்குப் போகவில்லை. அடுத்த வருடம் வைகாசியில், தமக்கையின் ஏற்பாட்டில் பக்கத்துக் குடியேற்றத்தில் இருந்த பரியாரியிடம் போனோம். அவர் மஞ்சள் பூசிய நூலை மந்திரித்து அவளுடைய கழுத்தில் கட்டினார். கட்டும்போது கழுத்துக்கும் நூலுக்கும் இடையில் தன் இரண்டு விரல்களை வைத்து, அவற்றின்மேல் முடிச்சைப் போட்டுவிட்டு விரல்களை உருவினார். யாருக்குக் கட்டினாலும் அவர் முறை அதுதான். கட்டிய நூலை அவிழ்க்கக் கூடாது, வெட்டக் கூடாது. அது தானாக இற்று விழும் நாளில் நோய் வருத்தமும் விழும். கொப்பியில் எழுதினேன்: “வைகாசி 22. சோளகக் காற்று கடுமை. குளம் அரை அடி இறக்கம். நூல் கட்டியது, ஒரு பகல் வீண்.”

நூல் இற்று விழவில்லை. கழுத்துத்தான் நூலை நோக்கி வளர்ந்தது. ஆனி நடுவில் ஒரு விரல்தான் போனது. ஆனி முடிவில் விரலே போகவில்லை. சோற்றுக் கவளம் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. நூல் தோலில் பதிந்து ஒரு சிவந்த கோடு கிழித்திருந்தது.

“வெட்டிவிடட்டே?” என்று கேட்டேன்.

“ஐயோ, தொடாதையுங்கோ” என்றாள் மனைவி.

“வெட்டினா இறங்கினதும் திரும்பி ஏறும்” என்றார் தமக்கை. எது இறங்கியது என்று நான் கேட்கவில்லை. பகுத்தறிவு பற்றி நாள் முழுதும் கதைக்கக்கூடியவன் நான். கத்தரிக்கோல் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி எட்டடி தூரத்தில் இருந்தது. அந்த எட்டடியை நடக்க அந்தப் பகுத்தறிவுக்குக் கால் வரவில்லை. ஆடி மூன்றாம் திகதி காலை அவளுக்குத் தண்ணீரும் இறங்காமல் போன பிறகுதான் ஆனையிறவைத் தாண்டிக் குடாநாட்டிலிருந்த பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டொக்டர் இளமையானவர். மேல்படிப்பு முடித்துச் சீமையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“வீக்கம் எப்ப துவங்கினது?”

“கொஞ்சக் காலம் டொக்டர்.”

“கொஞ்சக் காலமெண்டா? ஒரு வருசமோ, ஒரு மாசமோ?”

அந்தத் திகதியை நான் குறித்து வைக்கவில்லை.

“உங்கட பக்கத்துக் குளம் கடைசியா எப்ப நிரம்பி வான் பாய்ஞ்சது?” என்று கேட்டார், பேச்சை மாற்றி என்னை ஆறுதல்படுத்த நினைத்தவர்போல. மாதம், திகதி, கிழமை, நேரம் எல்லாம் சொன்னேன்.  அவர், என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்த எல்லோரையும்போல, மனைவியின் பக்கம் திரும்பினார்.

அதற்குள் தாதி கத்தரிக்கோலோடு வந்து நூலைப் பிடித்தாள். மனைவி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். “வெட்டாதையுங்கோ பிள்ளை, கட்டினபடியே விழவேணும். ரெண்டு விரல் போகக் கட்டினது.”

டொக்டர் தாதியின் கையைத் தடுத்தார். “பொறுங்கோ. ரெண்டு விரல் போச்சுதோ? எப்ப கட்டினது?”

அது எனக்குத் தெரிந்திருந்தது. வைகாசி 22. நாற்பத்து நான்கு நாள். பதினொரு கொப்பிகளில் என் மனைவிக்குப் பயன்பட்ட ஒரே திகதி, நான் வீண் என்று எழுதிய நாளின் திகதி.

டொக்டரின் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. மனைவியின் கைகளை விலக்கி, நூலை அவரே மெதுவாக வெட்டி எடுத்து, விரித்து அளந்தார். பிறகு மனைவியிடம், “அம்மா, உங்கட குடும்பத்தில ஆருக்கேன் கழுத்து வீக்கம், தோல் வெள்ளையாகிறது, இரத்தம் ஊறாத வருத்தம் இருக்கோ?” என்று கேட்டார்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.”

கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது. எங்கள் ஆட்களிடம் பரம்பரை வருத்தம் கிடையாது. கலியாணம் பேசப்படும் எந்தக் குடும்பத்தையும் விசாரித்துப் பாருங்கள், மூன்று தலைமுறைக்குத் தும்மல்கூட இருக்காது. எங்கள் கலியாணப் பேச்சில் நீரிழிவுக்காரரான என் தகப்பனாரை “சாப்பாட்டில் மிகக் கவனமான மனிதர்” என்று புகழ்ந்திருந்தோம்.

“அம்மா, நான் பொம்பிளை பாக்க வரேல்லை” என்றார் டொக்டர்.

மனைவி என்னைப் பார்த்தாள். “இவர் கொஞ்சம் வெளியில நிக்கட்டும்.”

வெளியே நின்றேன். அது அரைக் கதவு என்பதால் எல்லாம் கேட்டது. அவளுடைய தாயார் இதே வீக்கத்தோடுதான் செத்தவராம். எனக்குச் சொல்லப்பட்டது நெருப்புக் காய்ச்சல். பெரியம்மா ஒருவர் வெளிறிப்போய்ப் பல வருடம் படுக்கையில் கிடந்தவராம். கடைசித் தங்கைக்கு முதுகில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம். மேற்சட்டை மறைக்கும் இடமாம். கடவுள் கருணை. “சின்னவளுக்கு இப்பதான் பேச்சு நடக்குது டொக்டர். இதொண்டையும் எழுதாதையுங்கோ.”

“எழுதாட்டி உங்களுக்கு எப்பிடி மருந்து செய்யிறது?”

 “அப்ப வெள்ளையை மட்டும் விட்டிட்டு எழுதுங்கோ” என்றாள். நான் கேட்டது தெரிந்து, கொப்பியில் எழுத வேண்டாமென்று என்னிடமும் அன்று மாலை அதையே கேட்டாள். எழுதவில்லை. அந்தத் தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இனிக் கலியாணப் பேச்சு குழம்பாது என்பதால் எழுதுகிறேன்.

டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு இருவருக்கும் விளங்கப்படுத்தினார்.

“வயலுக்குப் பண்டி வராமல் துவக்கோட காவல் வைப்பியள்தானே? அவன் உங்கட மாட்டையே பண்டியெண்டு சுட்டா எப்பிடி இருக்கும்? உடம்பிலயும் ஒரு காவல் இருக்கு, கிருமியைச் சுடுறதுக்கு. இவவின்ர காவல்காரன் கழுத்துச் சுரப்பியைச் சுடத் துவங்கிக் கனகாலம். சுரப்பி சோர்ந்துபோனபடியால்தான் குளிர், மந்தம், குரல் தடிப்பு. பெரியம்மாவிலயும் தங்கச்சியிலயும் அவன் வேறை மாட்டைச் சுட்டிருக்கிறான்.”

“அப்ப மாத்திரை தந்தால் சரியோ டொக்டர்?” என்றேன்.

“மந்தத்துக்குச் சரி. ஆனா உந்த நூல் வேறை கதை சொல்லுது. சுடப் போன காவல்காரர் வீட்டை திரும்பிறதில்லை. சுரப்பிக்குள்ளயே கொட்டில் போட்டு இருந்திடுவினம். அநேகமா அவ்வளவோடை நிக்கும். எங்கையோ ஒரு சிலருக்கு மட்டும் அவை கட்டுக்கடங்காமல் பெருகத் துவங்குவினம். அதுதான் கட்டி. இந்த வருத்தம் ஆறுதலாத்தான் வீங்கும். நாப்பத்து நாலு நாளில ரெண்டு விரல் வீங்காது. ஏன் இப்பிடி மாறுது எண்டு கேட்டியளெண்டா, எனக்கும் தெரியாது, எனக்குப் படிப்பிச்சவைக்கும் தெரியாது.”

அரசாங்கம் காட்டிய காணியில் கொட்டில் போட்டுப் பெருகிய குடியேற்றவாசி என்ற முறையில் எனக்கு இந்த உவமை அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் விளங்கியது. தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். அதனால் நம்பினேன்.

வெட்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், குரல் நரம்பு பக்கத்தில் ஓடுகிறது, குரல் போகவும் கூடும் என்றார். அவளே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

“குரல் போனா லாபம் இவருக்குத்தான்” என்றாள் மனைவி. டொக்டரும் நானும் சிரிக்கவில்லை. “வெட்டுங்கோ” என்றாள்.

குரல் போகவில்லை. மூன்றாம் நாள் கரகரத்த குரலில், நான் சவரம் செய்யாமல் ஆசுபத்திரிக்கு வந்ததைப் பற்றிச் சொன்னாள். மாத்திரை தொடங்கி இரண்டு கிழமையில் வேகமும் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் நின்றபடி, ஒன்றரை வருடமாகச் சேர்ந்துபோயிருந்த என் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்க்கத் தொடங்கினாள். முதிர்ச்சி என்று நான் எழுதியது ஒரு சுரப்பி அணைந்துபோனதை. அந்த ஒன்றரை வருட அமைதியை நான் மெச்சி அனுபவித்தவன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மறைத்தால் மற்றத் திகதிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பரிசோதனை முடிவு வருவதற்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. அந்தப் பத்தொன்பது நாளும் கொப்பியில் ஒன்றுமில்லை. குளம் இறங்கியதா, ரயில் வந்ததா, தெரியாது. ஆராய்ச்சிக்காரர் மன்னிக்க வேண்டும்.

ஆவணியில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் தட்டெழுதிய ஒரு பக்கம். அவள் வாசற்படியில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே வாசித்து, தமிழில் சொன்னேன். “தெரிந்த அளவில் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கொழும்புப் பக்கத்து ஆசுபத்திரிக்குக் கதிர்ச் சிகிச்சைக்கு, கரண்ட் பிடிக்க, வரவேண்டும். மாத்திரையை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.”

“முதல் வரியை விட்டிட்டியள்.”

“இல்லையே.”

“உங்கட கண் மேல நிண்டு கீழ வந்தது. வாய் இடையிலதான் துவங்கினது. வாசியுங்கோ.”

வாசித்தேன். சுரப்பியின் ஒரு மூலையில் தீய கட்டி காணப்பட்டது, உறையைத் தாண்டவில்லை.

அவள் சுளகைத் தட்டி, ஒதுக்கிய கல்லை முற்றத்தில் எறிந்தாள். 

“கடைசி வரியைத் திரும்பச் சொல்லுங்கோ.”

“மாத்திரையை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.”

“ஆயுள் எண்டு அவை எவ்வளவு காலத்தைச் சொல்லுகினம்?”

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “போடேல்லை” என்றேன்.

“போடாட்டி நல்லது” என்றாள். “போட்டிருந்தா நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பியள்.” பிறகு எழும்பி, கொழும்புக்கு எத்தனை சேலை கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.