என் குரல் ஒரு தடவை, அவள் குரல் இரண்டு தடவை

லேப்டாப்போடு என் குரலும் போய்விட்டது. அது திரும்பி வந்த கதையைத்தான் அடியேன் சொல்ல வந்தேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் எங்கள் கோயில் தாயார் செய்த உபகாரம் உங்களுக்குப் புரியாது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் அகம். பல வருஷமாகப் பெண்களுக்குப் பாசுரம் சொல்லிக்கொடுக்கிறேன். சந்தை முறைதான்: நான் ஒரு வரியை ஒரு தடவை சொன்னால், கற்றுக்கொள்பவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் மூன்று மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் லேப்டாப்பில் பதிவு செய்து வைத்தேன். டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. என் குரல் கரகரத்துப்போனது. அதன்பின் வகுப்பில் லேப்டாப் ஒரு தடவை சொல்லும். பெண்கள் இரண்டு தடவை சொல்வார்கள்.

மாடியில் குடியிருப்பவள் என் ஓர்ப்படி வைதேகி, மைத்துனர் மனைவி. தேனான குரல் அவளுக்கு. அகத்தில் விசேஷம் என்றால் எல்லோரும் அவளைத்தான் பாடச் சொல்வார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள், "மன்னி, என்னையும் சந்தையில சேத்துக்கோங்கோ" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் பொறக்கும்போதே எல்லாம் வந்தாச்சே, உனக்கெதுக்குடி சந்தை?" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன்.

வெளியூரில் இருக்கும் என் பிள்ளை, "அம்மா, அந்தப் பதிவையெல்லாம் வகுப்புல எல்லார் போனுக்கும் அனுப்பி வை, காப்பி இருக்கும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். அனுப்பினால் சுற்றிச் சுற்றி வைதேகி காதுக்குப் போய்விடுமே! மாட்டவே மாட்டேன் என்றேன்.

போன ஆவணியில் லேப்டாப் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் போய் நின்றேன்.

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சுங்கம்மா. புதுசு மாத்திட்டோம், இப்ப நல்லா ஓடுது. பழசுல இருந்து ஒண்ணுமே எடுக்க முடியலைங்க. வேற காப்பி வெச்சிருக்கீங்கள்ல?" என்றார் கடைக்காரர்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை அழுதேன். யாரை நோவது? காப்பி எடுக்க விடாமல் தடுத்தது என் பொறாமைதான்.

அது போதாதென்று வகுப்பில் ஒருத்தி, "மாமி, பேசாம வைதேகி மாமியைச் சொல்லித்தரச் சொல்லலாமே, அவா குரல்..." என்று ஆரம்பித்தாள். நான் அவளை முடிக்கவே விடவில்லை.

வெள்ளிக்கிழமை தாயார் சன்னிதியில் போய் நின்றேன். "தாயே, என் குரலைத் திருப்பிக் கொடு. வகுப்பு மட்டும் அவ கைக்குப் போகப்படாது." இதுவும் ஒரு பிரார்த்தனையா என்று கேட்பீர்கள். என் வாயில் அன்று வந்தது அதுதான். நாலு வெள்ளிக்கிழமை இதே வேண்டுதல், இதே அழுகை.

நாலாவது வெள்ளிக்கிழமை ஸேவித்துவிட்டுத் திரும்பினால், மாடிப்படியில் போனும் கையுமாக வைதேகி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னி, கோவிச்சுக்கப்படாது. நீங்க சேத்துக்கலையா, நான் இந்தப் படியிலயே உக்காந்து கேட்டுண்டிருந்தேன். மறந்துடுமேன்னு பதிவும் பண்ணிண்டேன். எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது. திட்டுவேளோன்னு பயந்துண்டுதான் இத்தனை நாள் சொல்லலை."

போனை அழுத்தினாள். என் குரல்! கரகரப்பில்லாத, கணீரென்ற என் பழைய குரல். நடுவில் அவள் அகத்துக் குக்கர் விசில். தூரத்தில் வகுப்புப் பெண்கள். போனுக்கு வெகு அருகில், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தடவை, முணுமுணுப்பாக வைதேகி.

"இந்தக் குரலை வெச்சுண்டு ஏன்டி இப்படி முனகியிருக்கே?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கேட்டுடப்படாதேன்னுதான் மன்னி."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிள்ளையிடம் சொன்னபோது, "சித்தி குரலை மட்டும் வெட்டி எடுத்துடலாம்மா, பெரிய வேலையில்லை" என்றான். பொய் சொல்லப்படாது, ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டதைத் தாயார் கொடுத்துவிட்டாள். யார் கைக்குப் போகப்படாது என்றேனோ, அவள் கையாலேயே கொடுத்தாள். இதில் வெட்ட நான் யார்? "இருக்கட்டும்டா" என்றேன்.

இப்போது வகுப்பில் வைதேகி என் பக்கத்தில் உட்கார்கிறாள். பதிவில் என் பழைய குரல் ஒரு தடவை ஒலிக்கும், அவள் குரல் இரண்டு தடவை. நேற்றுகூட ஒருத்தி, "வைதேகி மாமி குரல் அமிர்தம்" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று தாயார் முன் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும், "இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுடி" என்று அவளிடம் நானே சொன்னேன்.

தாயாரிடம் மனம் விட்டுக் கேளுங்கள், கொடுப்பாள். யார் கையால் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள். இன்னொன்று: லேப்டாப்பில் இருப்பதை ஒரு காப்பி எடுத்து, யாரைக் கண்டால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ அவரிடமே கொடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கும்.