டெல்மோவுக்காக விட்ட இடைவெளி

ஐம்பத்தெட்டு வயதில் ஆர்ஜியாவுக்கு முழங்கால் வலி இருந்தது. கனத்த வெல்வெட் உடைக்குள் திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. காலையில் தொண்டையில் சளி கட்டியது. பெண்குரலின் உச்சியான சோப்ரானோவை ஆயுள் முழுக்கப் பாடியவளுக்கு இதெல்லாம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெந்நீராவி, அகலமான செருப்பு, மதியத் தூக்கம் என்று சமாளித்தாள். டெல்மோ மீதிருந்த வன்மத்துக்கு மட்டும் அவள் வைத்தியம் தேடவில்லை. குரல் இத்தனை காலம் தாங்கியதே அதனால்தான் என்று நம்பினாள்.

டெல்மோ இத்தாலியின் பார்மா நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஓபரா என்னும் இசைநாடக அரங்கில், மலிவு டிக்கெட்டில் பாட்டறிந்தவர்கள் உட்காரும் உச்சி மாடத்துக்கு அவன்தான் ராஜா. அவன் கைதட்டினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். அதன்பிறகுதான் மற்றவர்கள் தட்டுவார்கள். முதல்முறை பாட வருகிறவர்கள் ஒரு புட்டி மதுவோடு அவன் கடைக்குப் போய்த் தலை குனிந்துவிட்டு வருவது ஊர் வழக்கம். ஆர்ஜியா அதே ஊர்க்காரி, தக்காளி ஆலைத் தொழிலாளியின் மகள். இருபத்தாறு வயதில் அவளுக்கு அந்த மேடை கிடைத்தபோது ஒப்பனையறைத் தோழி நீவெஸ் கெஞ்சினாள்.

"ஒரு எட்டு போயிட்டு வந்துடுடி. என்ன குறைஞ்சு போயிடுவ?"

"என் பாட்டக் கேட்டுட்டுத் தட்டட்டும். குடிச்சுட்டுத் தட்ட வேண்டாம்."

அந்தப் பேச்சு கடைக்குப் போய்ச் சேர்ந்தது. டெல்மோ கேலியாகச் சீழ்க்கை அடிக்கவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தான். அவள் இழைபோல மெல்லிய ஒரு சுரத்தை எடுத்து வளர்க்கத் தொடங்கிய நொடியில் "பிராவா!" என்று கத்திக் கைதட்டினான். மாடம் முழுக்கத் தட்டியது. சுரம் மூழ்கியது. வாத்தியங்கள் காதில் விழாமல் அடுத்த அடியை அவள் தப்பவிட்டாள். பாராட்டிக் கெடுத்தவன் மேல் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ரயிலைத் தவறவிட்டவள் போல ஓடி வந்து பாடினாள் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. பார்மா அவளை மறுபடி கூப்பிடவில்லை.

அவள் திரியெஸ்தெயில் பாடினாள், காலியாரியில் பாடினாள், கப்பலேறி லீமா வரை போனாள். சின்ன அரங்குகள், ஈரச் சுவர் விடுதிகள். ஒருமுறை கல்யாணம் செய்து, அதையும் விட்டுவிட்டாள். எந்த ஊரில் கைதட்டல் விழுந்தாலும் அதில் டெல்மோவின் கை இல்லை என்பதுதான் நினைவுக்கு வரும். பெயர் மெல்ல மெல்ல வளர்ந்தது. கடைசியில் பார்மாவே அழைத்தது, சிறையில் சாவை எதிர்நோக்கும் ராணி வேடத்துக்கு.

ராணியின் கடைசிப் பாட்டை எல்லாரும் உச்ச சுரத்தில் ஓங்கி முடிப்பார்கள். ஆனால் இசையமைப்பாளர் அங்கே முடிக்கவில்லை. உச்சத்துக்குப் பின் ஒரு நீண்ட மௌனம், அதன்பின் தணிந்த குரலில் நான்கு வரிகள். கைதட்டலுக்காகவே அவற்றை வெட்டிவிடுவது தலைமுறைப் பழக்கம். ஆர்ஜியா அவற்றைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள்.

இசை நடத்துநர் பாவுஸ்தோ தலையைச் சொறிந்தார். "மௌனத்துல கைதட்டிடுவாங்களே, சின்யோரா."

"ஒரே ஒருத்தன் தட்டுவான்."

"அவனப் பாத்து எல்லாரும் தட்டிட்டா?"

"நான் தொலைஞ்சேன். இந்த ஊர் மூணாந்தடவ கூப்பிடாது. நீங்க கோலை மட்டும் கீழ இறக்காதீங்க."

ஒத்திகைக்கு வெளியாட்களை விடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது யாருக்காக என்பது நீவெஸுக்கு மட்டும் தெரியும்.

"அவனுக்கு எழுபது தாண்டிடுச்சுடி. பொண்டாட்டியும் போயிட்டா. விட்டுத் தொலையேன்."

"நான் ஒண்ணும் பண்ணலயே. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, சும்மா உக்காந்திருக்கட்டும். இடுப்புல இன்னும் இறுக்கிக் கட்டு."

ஞாயிறு மதியக் காட்சி. மாடத்தின் நடுக்கம்பியில் முழங்கை ஊன்றி டெல்மோ உட்கார்ந்திருந்ததை அவள் மேடையிலிருந்தே பார்த்தாள். உச்ச சுரம் வந்தது. குரல் நடுங்கவில்லை. நிறுத்தினாள். பாவுஸ்தோவின் கோல் உயரத்திலேயே நின்றது.

"பிராவா!" டெல்மோ தட்டினான். பக்கத்தில் இரண்டு மூன்று கைகள் சேர்ந்தன. ஆர்ஜியா அசையவில்லை, கண்ணைக்கூட அங்கே திருப்பவில்லை. சேர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கி நின்றன. டெல்மோவின் கை மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஷ்ஷ்! இன்னும் முடியலய்யா!" என்று மாடத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"பாட்டு தெரியாதவன் எல்லாம் எதுக்கு இங்க வரான்?"

"தாத்தா, கடைக்குப் போய் முடி வெட்டு!"

அரங்கம் சிரித்தது. பார்மாவின் உச்சி மாடத்தில் உட்காருகிறவனுக்கு இதற்கு மேல் ஓர் அவமானம் கிடையாது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவள் நான்கு வரிகளைப் பாடினாள்.

ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டெல்மோ கதவருகே வந்து நின்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"வேணும்னேதான பண்ணின?"

"ஆமா."

"காது அடைச்சுப் போச்சு. அந்த நாலு வரி எனக்குக் கேக்கவே இல்ல. ஒரு தடவ பாடிக் காட்டும்மா. கேட்டுட்டுப் போயிடறேன்."

நீவெஸ் அவளைப் பார்த்தாள். பாடுவாள் என்றே நினைத்தாள்.

"அடுத்த ஞாயிறும் காட்சி உண்டு. டிக்கெட் வாங்கிட்டு வா. ஆனா கீழ, நாற்காலில உக்காரு. பாட்டு தெரியாம கொட்டாவி விடறவங்களுக்கு அதான் இடம்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். நீவெஸ் சாயங்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஆர்ஜியா ஹாம் வைத்த ரொட்டியை ரசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு மேடையேறியதும் முதலில் கீழ் நாற்காலி வரிசைகளைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். நடுக்கம்பியில் ஒரு இளம்பெண் முழங்கை ஊன்றியிருந்தாள். டெல்மோ எங்குமே இல்லை. அன்றைக்கு ஆர்ஜியா இன்னும் நன்றாகப் பாடினாள்.