ஹுத்ஹுத் செய்த நௌஃபல்

நௌஃபல் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் அவனை அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸுக்குக் காட்டிக்கொடுக்கிற பயல்களை எனக்கு நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை என் கடைக்கு வந்து, யார் யார் வந்தார்கள் என்ற நோட்டைப் புரட்டிவிட்டு, ஓசியில் காபியும் குடித்துவிட்டுப் போவார்கள். இவன் அந்த ரகம் இல்லை. அந்த ரகமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

எங்கள் அரபு நாட்டின் ஸ்ஃபாக்ஸ் நகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், எட்டுக் கணினிகளோடு இணையக் கடை நடத்தினேன். நௌஃபல் எதிரே மருந்துக் கிடங்கில் கணினி பழுதுபார்க்கிறவன். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. கிடங்கில் அவனை ஆணி பிடுங்கவும் பல்பு மாட்டவும்கூடக் கூப்பிடுவார்கள். போய்ச் செய்துவிட்டு வருவான்.

அவன் பெயர் வெளியே தெரிந்தது ஹுத்ஹுத்தால்தான். சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுவந்த பறவையின் பெயரை வைத்து அவன் எழுதிய மென்பொருள். செய்தித் தளங்களும் வலைப்பதிவுகளும் தாங்கள் புதிதாக வெளியிடுவதையெல்லாம் ஓடை ஓடையாக அனுப்பும் அல்லவா, அவற்றைச் சேர்த்துப் படிப்பதற்கானது. நாம் ஒவ்வொரு தளமாகப் போய் எட்டிப்பார்க்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே போய், வந்ததை அள்ளிக்கொண்டு வந்து நம் கணினியில் அடுக்கிவைக்கும். வெளிநாட்டுக்காரன் செய்த மென்பொருள்களில் அரபு எழுத்துகள் கழன்று தனித்தனியாக நிற்கும், வரி இடவலம் மாறிக் கிடக்கும். ஹுத்ஹுத்தில் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு வரும். அதற்காகவே மூன்று வருடம் உழைத்தான்.

இலவசம்தான். ஒரே ஒரு நிபந்தனை: பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள். நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். வந்த அட்டைகள் பதினேழு.

"நாலாயிரம் பேர்ல பதினேழு பேருக்குத்தான் அஞ்சல்தலை ஒட்ட நாக்கு இருக்கு போல, மோனியா அக்கா," என்று சிரிப்பான். சிரிப்புக்குள் வலி இருந்தது. அவனுடைய அண்ணனோ, "இதைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வறுத்தா சாப்பிடலாமா?" என்று கேட்பார். உழைத்தவனுக்கு அது எப்படி இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் தலைநகரிலிருந்து அப்துல்வஹாப் என்கிற ஒருவரின் மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற நூலகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எதை அழுத்தினால் என்ன கோளாறு வருகிறது என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார். கடைசியில், "நம் மொழிக்கு நீங்கள் செய்திருப்பது பெரிய சேவை," என்று ஒரு வரி. நௌஃபலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதை என் கடையில் உரக்கப் படித்தான், இரண்டு முறை.

"ஒரு ஆள் ஒழுங்காப் பயன்படுத்துறாருக்கா! எவ்வளவு நுணுக்கமாப் பாக்குறார் பாருங்க!"

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், இவன் ஒவ்வொன்றாகச் செய்தான். எழுதியவர் நீக்கிவிட்ட பதிவை ஹுத்ஹுத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியுமா? நல்ல கட்டுரைகள் அழிந்துபோகின்றனவே. முடியும். எப்போது வந்தது, எப்போது நீக்கப்பட்டது என்று நேரம் காட்ட முடியுமா? முடியும், சிவப்பில். குறிப்பிட்ட சொல் எங்கே வந்தாலும் மணி அடித்து மஞ்சள் பூச முடியுமா? ஆராய்ச்சிக்கு உதவும். முடியும். கோப்பில் வைக்கிற மாதிரி அச்சடிக்க முடியுமா? முடியும், முடியும். அச்சடித்த ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொண்டான். ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நானும் சேர்ந்துதான் கொண்டாடினேன். என் எட்டுக் கணினியிலும் ஹுத்ஹுத் இருந்தது. எங்களில் ஒருத்தருக்காவது, ஓய்வுபெற்ற நூலகருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. பாராட்டு வருகிறபோது யாருக்கு மூளை வேலை செய்கிறது?

லுத்ஃபி நௌஃபலோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், பிற்பாடு சரித்திர வாத்தியார். 'உப்பளத்துக்காரன்' என்ற பெயரில் வலைப்பதிவு எழுதினார். கடலோரத்து உரத் தொழிற்சாலையின் கழிவு, வகுப்பில் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறுவது, இதுதான் அவர் விஷயம். மூக்கு மேல் கோபம். ஒரு வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு, அந்தக் கழிவை அள்ளும் ஒப்பந்தம் யாருடைய மைத்துனருக்குப் போயிருக்கிறது என்று பெயரோடு எழுதிவிட்டார். ஆண்டுகொண்டிருந்தவர் குடும்பத்துப் பெயர் அது, எங்கள் நாட்டில் அப்போது வாய்க்குள்கூடச் சொல்ல மாட்டோம். அவர் மனைவி பெஸ்மா பார்த்துவிட்டு அழுதாள். நாலே முக்காலுக்கு நீக்கிவிட்டார்.

மறுநாள் என் கடையில் லப்லாபி என்கிற கொண்டைக்கடலை சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் வீரனா இருந்தேன்டா நௌஃபல். அப்புறம் பொண்டாட்டி காலைப் பிடிச்சுட்டா."

"போனது போச்சு, விடு. யார் பாத்திருப்பாங்க?"

அந்த மாதக் கடைசியில் லுத்ஃபியைப் பள்ளிக்கூட வாசலிலேயே போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெஸ்மா, லுத்ஃபிக்காக வாதாடிய வழக்கறிஞர் அம்மாவிடமிருந்து, போலீஸ் வழக்கில் வைத்த ஒரு தாளின் நகலை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். நௌஃபல் அங்கேதான் இருந்தான். தாளை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அந்தப் பதிவு முழுக்க இருந்தது. வந்த நேரம் நாலு பத்து, நீக்கிய நேரம் நாலு நாற்பத்தைந்து, சிவப்பில். மைத்துனரின் பெயர் மஞ்சளில். அடியில்: ஹுத்ஹுத், ஆக்கியவர் நௌஃபல் திரீக்கி, ஸ்ஃபாக்ஸ்.

"என் வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருப்ப? கை நடுங்கலையாடா உனக்கு இதைக் கொடுக்க?"

"நான் கொடுக்கல பெஸ்மா. அல்லாஹ் மேல ஆணையா நான் யாருக்கும் எதுவும் கொடுக்கல."

"அப்போ இது யார் பேரு? என் பேரா?"

அவன் தாளை வாங்கி வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தான். மஞ்சள், சிவப்பு, அச்சு. கேட்டது கேட்டபடி எல்லாம் ஒரே தாளில் இருந்தன. அப்துல்வஹாபின் கடிதங்களை அவன்தான் எடுத்துக் காட்டினான், ஒன்று விடாமல். படித்து முடித்த பெஸ்மாவுக்கு, அந்த நூலகர் போலீஸ் ஆள், இவன் காட்டிக்கொடுக்கவில்லை என்று புரிந்தது. புரிந்து என்ன செய்ய? எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

வழக்கறிஞர் அம்மா ஒரு வழி சொன்னார். லுத்ஃபி தான் எழுதவே இல்லை என்கிறார். தளத்தில் அந்தப் பதிவு இல்லை. அவர்கள் கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். ஹுத்ஹுத்தின் பழைய பதிப்பு ஒன்றில், ஒரு தளத்துக் கட்டுரை இன்னொரு தளத்தின் பெயரில் வந்து விழுந்தது உண்டு. என் கடையிலேயே சமையல் குறிப்புப் பக்கத்தில் கால்பந்துச் செய்தி வந்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"அதை மட்டும் கோர்ட்ல வந்து சொல்லுங்க, நௌஃபல். பொய்யே வேண்டாம். 'இது தப்பாவும் காட்டும்'னு செஞ்சவரே சொன்னா, நீதிபதிக்கு விட மனசிருந்தா விடறதுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். மனசிருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா சாக்கு நாமதான் கொடுக்கணும்."

சாட்சி சொன்னால் நௌஃபலையும் பிடிக்கலாம். அது அவனுக்குத் தெரியும். இருந்தும் வருகிறேன் என்று உடனே சொன்னான். பயந்தாங்கொள்ளி என்று அவனை யாரும் சொல்ல முடியாது, அந்த நியாயத்தை நான் அவனுக்குக் கொடுத்தாக வேண்டும். விசாரணை அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் கோர்ட்டுக்கு வந்தான். பெஸ்மா அவன் கையைப் பிடித்து, "உன்னைத்தான் நம்பியிருக்கேன்," என்றாள்.

கூண்டில் லுத்ஃபி இளைத்துப்போயிருந்தார். நௌஃபல் எழுந்து, கட்டுரைகள் இடம் மாறி விழுந்த கதையைத் தெளிவாகவே சொன்னான். நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் சிரித்தார்.

"அப்போ நாலாயிரம் பேர் தலையில ஓட்டை உடைசலைக் கட்டியிருக்கீங்க. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் பேர்ல காட்டுற குப்பை. இதுக்கு அடியில பேரு வேற போட்டுக்கிட்டீங்களா?"

பின்வரிசையில் இரண்டு காவலர்கள் சிரித்தார்கள். நௌஃபலின் காது சிவந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தக் காதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் வாயைத் திறக்கப்போகிறான்.

"அது பழைய பதிப்பு, ஐயா."

வழக்கறிஞர் அம்மா சட்டென்று எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பழசுன்னா?"

"அதைக் கண்டுபிடிச்சு நான் சரிபண்ணிட்டேன். மூணு வாரம் உக்காந்து சரிபண்ணேன். இப்போ அந்தக் கோளாறு கிடையாது."

"இந்தத் தாள் எதுல அச்சடிச்சது?"

"புதுசுல. நீக்கின நேரம் புதுசுலதான் வரும்."

"அப்போ இதை நம்பலாமா?"

"ஓர் எழுத்துகூட மாறாது, ஐயா."

லுத்ஃபிக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். சாட்சியை யாரும் தொடவில்லை. தண்டனை முடியும் முன்பே, பதினாலு மாதத்தில் அவரை விட்டுவிட்டார்கள்; வெளியே வந்தபோது வாத்தியார் வேலை போயிருந்தது. குடும்பத்தோடு பெஸ்மாவின் அப்பா ஊருக்குப் போய்விட்டார்கள். நௌஃபல் இன்றும் அதே கிடங்கில்தான் இருக்கிறான். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு நீதிமன்றப் படிக்கட்டில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது. லுத்ஃபிக்காகக் கொண்டுவந்த துணிப்பையோடு பெஸ்மா இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"'தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நௌஃபல். நம்பலாமான்னு கேட்டாரு. 'எனக்குத் தெரியாது, ஐயா.' அவ்வளவுதானே? அதுகூட உன் வாயில வரலையா?"

அவள் இறங்கிப் போன பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆனா எனக்குத் தெரியுமே, அக்கா," என்றான்.

நான் அவனை அங்கேயே விட்டுவிட்டு, பெஸ்மாவின் பையை வாங்கிக்கொள்ள ஓடினேன்.