பொன்னுரங்கத்தின் சிரிப்பு

பொன்னுரங்கம் காவல் நின்ற எந்தப் பேரரசும் உருப்பட்டதில்லை. அசோக் நகரில் குடியிருக்கும் துணை நடிகர். சரித்திர சீரியல், வெப் சீரிஸ் என்று எதில் வேல் பிடித்து நின்றாலும், கடைசியில் அந்தக் கோட்டை விழும், இவரும் விழுவார். காலையில் முடிசூட்டு விழாவில் 'வாழ்க' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தாடியை மாற்றி ஒட்டிக்கொண்டு அதே கோட்டையைத் தாக்கப் போனதும் உண்டு. வேல் ஒன்றுதான், விசுவாசம்தான் அடிக்கடி மாறும்.

கோடம்பாக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாகிற காட்சியில் நடித்தவர் எழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். சாவு கேமராவோடு போய்விடும் என்று நம்பிக்கை. ராஜா வேஷம் போட்டவருக்கு இது தவறாமல் நடக்கும். கும்பலாகச் சாகிறவர்களை யார் எழுப்பிச் சிரிக்க வைப்பது? இத்தனை வருஷமாகச் சிரிக்காமலே செத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

போன தை மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தச் சிரிக்காத சாவுகள்தான் காரணம் என்று அவர் மனைவி கன்னியம்மா அடித்துச் சொன்னாள். டாக்டர் சொன்ன கொழுப்புக் கதையெல்லாம் அவளிடம் எடுபடவில்லை.

"நிக்கிற வேசம்னா போ. சாவுற வேசம்னா வூட்லயே கெட. இன்னா, புரியுதா?"

நிற்கிற வேஷம் என்றுதான் இன்று கூப்பிட்டார்கள். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் காவலன். ஆனால் ராஜா விழுந்த பிறகு இவர் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது டைரக்டர் கண்ணை உறுத்தியது.

"அவரும் விழட்டும்!"

பழகிய உடம்பு, விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் கன்னியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ராஜா எழுந்து சிரித்துவிட்டு கேரவனுக்குப் போனார். விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள்.

பொன்னுரங்கம் உதவி இயக்குநர் மதுவந்தியிடம் போய்த் தலையைச் சொறிந்தார். மயிலாப்பூர்ப் பெண், அதட்டிப் பேசத் தெரியாது.

"மேடம், எனக்கும் ஒரு சிரிப்பு எடுக்க முடியுமா? வூட்ல பயந்துக்கினு கீறாங்க."

கேலி செய்வாள் என்று நினைத்தார். அவள் திரும்பி, "லைட்டை அணைக்காதீங்க!" என்று குரல் கொடுத்தாள். "செத்தவங்க எல்லாரும் வாங்க!"

வென்றவன், தோற்றவன் என்றில்லாமல் செத்தவர்கள் எல்லாம் சிம்மாசனப் படியில் வந்து கூடினார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து பொன்னுரங்கத்திடம் வந்து நின்றது. அவருக்கென்று அது நின்றது இதுதான் முதல் தடவை. சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணா, அழுதா கணக்குல சேராது. இன்னொரு டேக் போலாம்," என்றாள் மதுவந்தி.

இந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்திக்கொண்டே கண்ணைத் துடைத்துச் சிரித்தார்.

ஆற்காடு சாலை பஸ் நிறுத்தத்தில் போன் அடித்தது.

"நிக்கிற வேசந்தானே?"

பொய் வரவில்லை. "இல்ல, செத்துட்டேன். ஆனா சிரிச்சிட்டேன். எனக்குன்னு கேமராவ நிறுத்தி எடுத்தாங்க, கன்னிம்மா."



"பல்லு தெரியறாப்பல சிரிச்சியா?"

"தெரியறாப்பலதான்."

"சரி, வூட்டுக்கு வா. கொழம்பு சூடா கீது."