ஆஸ்கில் ஏற்றத்தில் நின்ற கூட்ஸ்

செட்ரிக் ஓல்ட்ராய்ட் பதினாறு வயதில் வார்ல்பி கடைத்தெருவில் ஒரு ஷூ கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் அதே கடையில் முழங்காலிட்டு அடுத்தவர் பாதங்களை அளந்துகொண்டிருந்தார். ஆனால் ஊரில் யாரிடம் அவர் பேரைச் சொன்னாலும், "யாரு, ரயில் கிறுக்கு செட்ரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். யார்க்‌ஷயர் மலைப்பக்கம் நீராவி எஞ்சின்கள் ஓடிய கடைசி வருடங்களில் அவர் எடுத்த படங்கள் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. எஞ்சின் எண், தேதி, இடம் எல்லாம் எழுதி, ஷூ அட்டைப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரே ஒரு நெகட்டிவ் மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. அது துணி அலமாரியில், அவருடைய கல்யாணக் கோட்டின் உள்பையில் இருந்தது. மனைவி மேவிஸுக்கே அது தெரியாது.

நீராவி போன பிறகு அவர் காமிராவை வைத்துவிட்டு மாடல் கட்டுவதில் இறங்கினார். மெதடிஸ்ட் கோயிலின் பின்கூடத்தில் வாரம் இரண்டு நாள் மாடல் ரயில் சங்கம் கூடும். 1991இல் சங்கத்தார் ஆஸ்கில் பள்ளத்தாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமான ஆஸ்கில் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து இருபது வருடம் ஆகியிருந்தது. இங்கே இருபத்திரண்டு அடி மேசையில் அது மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது. செட்ரிக் கற்சுவர்களை ஒவ்வொரு கல்லாக ஒட்டினார். ஆடுகளின் கறுத்த முகத்தில் வெள்ளை மூக்கு வைத்தார். பாலமும் தண்ணீர்த் தொட்டியும் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியும்கூட வந்துவிட்டன. சிக்னல் கேபின் மட்டும் வரவில்லை.

"கேபினை எப்ப தரப்போறீங்க? கைகாட்டி எல்லாம் நட்டாச்சு. இழுக்க ஆளில்லாம நிக்குது," என்றார் சங்கத் தலைவர் ஜெரால்ட்.

"சன்னல் அளவு சரியா கிடைக்கலை."

"நாலாயிரம் படம் எடுத்த மனுஷன்கிட்ட ஒரு சன்னல் இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். செட்ரிக்கும் சிரித்து வைத்தார். அந்தக் கேபினின் சன்னல்களை அவர் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவார்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் புதன்கிழமை தவறாமல் அவர் அந்தக் கேபினில்தான் இருந்தார். புதன் மதியத்தோடு கடைகளை அடைத்துவிடுவார்கள். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்கிலுக்குப் போவார். கேபின்காரர் அம்ப்ரோஸ் தக்ரே அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெளியாளைக் கேபினுக்குள் விடக் கூடாது. அம்ப்ரோஸ் விட்டார். செட்ரிக் கொண்டுவரும் பன்றிக்கறிப் பணியாரத்தை இரண்டாக வெட்டி, தேநீரோடு இருவரும் சாப்பிடுவார்கள்.

1962 அக்டோபரில் ஒரு புதன்கிழமை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் ஒன்று மலையேறி வந்துகொண்டிருந்தது. வெயில் மேகத்துக்குள் போய் ஒளிந்திருந்தது. செட்ரிக்குக் கை அரித்தது.

"ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க, அம்ப்ரோஸ். மேகம் விலகிடும். நின்ன வண்டி ஏத்தத்துல கிளம்பினா புகை எப்படி எழும்பும்னு நீங்களே பாருங்க."

"இந்த ஏத்தத்துல கூட்ஸை நிறுத்தக் கூடாது தம்பி. ஆர்டரே இருக்கு."

"ஒரே ஒரு தடவை. யாருக்குத் தெரியப்போகுது?"

அம்ப்ரோஸ் வாயைத் துடைத்துக்கொண்டார். "பணியாரத்தைக் கொடுத்துட்டு என் வேலைக்கே உலை வைக்கிறியா?" என்று சிரித்தார். ஆனால் வண்டிக்கு வழிவிடும் கைகாட்டியின் நெம்புகோலை அவர் இழுக்கவில்லை. வண்டி வந்து நின்றது. செட்ரிக் படியிறங்கி மேட்டுக்கு ஓடினார்.

மேகம் விலகியது. அம்ப்ரோஸ் கைகாட்டி கொடுத்தார். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி இழுத்தது. புகை பள்ளத்தாக்கு முழுக்க எழும்ப, செட்ரிக் பொத்தானை அமுக்கினார். அதே நேரம் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நடுவில் இணைப்புச் சங்கிலி அறுந்துவிட்டது. பின்பாதிப் பெட்டிகள் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு சரிவில் பின்னோக்கி ஓடத் தொடங்கின. கடைசி வேனில் இருந்த கார்டு பிரேக்கைத் திருகுவது தெரிந்தது. இப்படி அறுந்து ஓடும் பெட்டிகளைப் பாதையிலிருந்து இறக்கிவிடவென்றே வைத்திருந்த இடத்தில் வேன் தடம்புரண்டு கவிழ்ந்தது. கல் பெட்டிகள் அதன்மேல் ஏறின.

செட்ரிக் கேபினைப் பார்த்தார். அம்ப்ரோஸ் சன்னலில் நின்று பெரிதாகக் கையை வீசினார். ஏதோ கத்தினார். காற்றில் அது கேட்கவில்லை. போய்விடு என்கிறார் என்று செட்ரிக் எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளை உதைத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கார்டுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணையில் அம்ப்ரோஸ், "கைகாட்டி கொடுக்க மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். கேபினில் வேறொருவர் இருந்ததாகச் சொல்லவில்லை. அவரைக் கேபினிலிருந்து இறக்கி, எங்கோ ஒரு லெவல் கிராசிங்கில் கேட் திறக்கப் போட்டார்கள். செட்ரிக் மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தார். நான் போய்ச் சொன்னால் அவர் பொய் சொன்னதும் வெளியே வந்துவிடும், வேலையே போய்விடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். படத்தை வீட்டிலேயே கழுவிப் பார்த்தார். அதைவிட நல்ல படம் அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. அதை நினைத்துத்தான் அதிகம் கூசினார்.

இப்போது ஜெரால்ட் ஒரு வேலை செய்துவிட்டார். செட்ரிக் தாமதிப்பதைப் பார்த்து, ஓய்வுபெற்ற ரயில்காரர்களை விசாரித்து, அம்ப்ரோஸின் முகவரியைப் பிடித்து, சன்னல் அளவு கேட்டு எழுதிவிட்டார். வந்த பதிலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

"'ஐயா, எனக்கு எழுபது வயசு, ஞாபகம் சரியில்லை. உங்க ஊர் ஓல்ட்ராய்டைக் கேளுங்கள். அந்தக் கேபின் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.' என்ன செட்ரிக், ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

அன்று மாலையே செட்ரிக் மேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். நெகட்டிவ் இருக்கும் இடத்தையும் சொன்னார். மேவிஸ் கையிலிருந்த கம்பளிப் பின்னலை மடியில் வைத்தாள்.

"அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் நம்ம பொண்ணு கல்யாணத்துல நின்னீங்க."

"ஆமா."

"போய் அவரைப் பாருங்க. நான் கூட வரமாட்டேன். இது நீங்க தனியாப் போக வேண்டிய இடம்."

செட்ரிக் போனபோது அம்ப்ரோஸ் தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வழுக்கை விழுந்துருச்சே தம்பி," என்றார்.

செட்ரிக் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளைச் சொல்லி முடித்தார். "நீங்க கை காட்டினதும் போகச் சொல்றீங்கன்னுதான் போனேன்" என்றும் சொன்னார்.

அம்ப்ரோஸ் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "போகச் சொன்னேனா? வாடான்னு கூப்பிட்டேன். நான் மணியடிச்சு ரெண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தணும், கேபினை விட்டு இறங்க முடியாது. நீ ஓடிப்போய் கார்டு ஹெட்லியைப் பார்ப்பேன்னு நெனச்சேன். நாப்பது நிமிஷம் அவன் தனியாக் கிடந்தான்."

செட்ரிக் தோட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஹெட்லி யாருன்னாவது தெரியுமா உனக்கு? என் பொண்டாட்டி வின்னியோட தம்பி. நான் கேபின்ல தூங்கிட்டேன்னு நம்புறான். அன்னையிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிச்சதில்லை. வின்னி கிறிஸ்துமஸுக்குக்கூட பஸ் ஏறித் தனியாப் போய்த் தம்பியைப் பார்த்துட்டு வருவா."

"ஏன் என் பேரைச் சொல்லலை?"

"நிறுத்தினது என் கை. உன் பேரைச் சொன்னா என் கை இல்லைன்னு ஆயிடுமா? ஆனா நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வருஷம் பார்த்தேன். ரெண்டு வருஷம் பார்த்தேன். அப்புறம் லீக்ஸ் போட ஆரம்பிச்சேன்."

வின்னி பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.  ஒரு துண்டுக் காகிதத்தில் தம்பியின் முகவரியை எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஹெட்லி தன் வீட்டில் மரக்காலைக் கழற்றி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். செட்ரிக் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"தூக்கத்துல கைகாட்டியை விட்டிருந்தா மன்னிச்சுத் தொலைச்சிருப்பேன். நானும்தான் வேன்ல தூங்கியிருக்கேன்," என்றார் கடைசியில். "வருஷம் போகப் போக அதுக்குத்தான் என்னைத் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன். நீ வந்து, வேணும்னே நிறுத்தினான்ங்கிறே. அதுவும் ஒரு படத்துக்காக."

"கேட்டது நான்."

"தெரியுது. கிளம்பு."

செட்ரிக் திரும்பும் வழியெல்லாம் தான் செய்தது நல்லதா, இருப்பதையும் கெடுத்ததா என்று புரியாமல் வண்டி ஓட்டினார். ஒரு வாரம் கழித்து வின்னி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஹெட்லி நேத்து இங்க வந்தான். அவரைத் திட்டுறதுக்குன்னே டாக்சி வெச்சுக்கிட்டு வந்தான். மத்தியானம் முழுக்க ரெண்டு பேரும் கத்தினாங்க. நான் மூணு தடவை தேத்தண்ணி போட்டேன். அடுத்த வாரமும் வருவானாம், திட்டி முடியலையாம்."

அவள் குரலில் மகிழ்ச்சியா அழுகையா என்று செட்ரிக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இந்தப் பக்கம் நீங்க வராதீங்க," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த கூட்டத்தில் செட்ரிக் சங்கத்தாரிடமும் சொன்னார்.  கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அந்த எஞ்சின் நம்பர் என்ன?" இன்னொருவர், "நெகட்டிவ் நல்லா இருக்கா? கண்காட்சிக்குப் பெரிசா போட்டா..." என்று தொடங்கினார். ஜெரால்ட் அவரை முறைத்தார். செட்ரிக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்விகளைத்தான் தானும் கேட்டிருப்போம் என்று தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. படத்தைத் தர முடியாது என்று மட்டும் சொன்னார். அடுத்த ஒரு மாதத்தில் கேபினைக் கட்டி முடித்துக் கொடுத்தார். சன்னல்கள் அளவு பிசகாமல் இருந்தன.

ஈஸ்டர் கண்காட்சிக்கு அம்ப்ரோஸ் வரவில்லை. ஹெட்லி வந்தார், கைத்தடியோடு, தனியாக. கூட்டம் குறையும்வரை காத்திருந்து, ஏற்றத்தின் அடிப்பக்கம் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தச் சுவர் இங்க இல்லை."

"வரைபடம் பார்த்துத்தான் வெச்சேன், சார்."

"வரைபடம் கிடக்கட்டும். நாப்பது நிமிஷம் அதைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இன்னும் கிட்ட இருந்துச்சு. மேல் வரிசையில ஒரு கல்லு விழுந்திருந்துச்சு."

செட்ரிக் ஒரு கத்தியை எடுத்து வந்து, காய்ந்த பசையைச் சுரண்டி, சுவரைப் பெயர்த்துக் கிட்டே நகர்த்தினார். மேல்வரிசையில் ஒரு கல்லை எடுத்துப் புல்லில் போட்டார். நேரம் பிடித்தது. ஹெட்லி உதவவும் இல்லை, போகவும் இல்லை. முடிந்ததும் "ஆங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த குளிர்காலத்தில் ஹெட்லி இறந்தார். மாரடைப்பு. அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என்றார்கள். செட்ரிக் வேறொரு கோட்டைப் போட்டுக்கொண்டு மேவிஸோடு போய்க் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில், அந்த வயதிலும், முன்னால் இருந்தவர் அம்ப்ரோஸ். அவர் செட்ரிக்கைப் பார்த்தார். தலையசைத்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது.

பிறகு கூடத்தில் சாப்பாடு வைத்திருந்தார்கள். செட்ரிக் வாசலோடு திரும்பிவிடப் பார்த்தார். வின்னி ஹாமும் ஊறுகாயும் வைத்த தட்டோடு வந்து மறித்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சாவுக்கு வந்தவங்களைப் பசியோட அனுப்பற வழக்கம் எங்க வீட்டுல இல்லை."

"சரிங்க."

"சாப்பிட்டுட்டு நாற்காலி மடக்க ஆள் வேணும். மூணு மணிக்குள்ள கூடத்தைக் காலி பண்ணணும்."

செட்ரிக் தட்டை வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றபடியே சாப்பிட்டார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு கோட்டைக் கழற்றி மேவிஸிடம் கொடுத்துவிட்டு, நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார்.